புது பிஸ்டலும் பழைய கையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கடைசிப் பதிலுக்குக் கீழ கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதினேன், பத்து வருஷமா கூடவே இருந்த ஏர் பிஸ்டலை ஒரு பையனுக்குக் கொடுத்துட்டு புதுசு ஒண்ணு வாங்கிட்டேன்னு. அவ்வளவுதான். வழக்கமா இந்தப் பக்கத்துக்கு வாலிபால் நெட் உயரம் எவ்வளவு, கேரம்ல ரெட் போட்டா கவர் போடணுமான்னுதான் கேள்வி வரும். இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல பிஸ்டல். எல்லைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், திருவட்டாறு, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, வடக்க செங்கோட்டைன்னு எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பிட்டீங்க. சரி, இந்தத் தடவை முழுக்க அதையே பேசிருவோம், கேரம்காரங்க ஒரு மாசம் பொறுத்துக்கணும்.

கேள்வி: புது பிஸ்டல் வாங்கினதும் ஸ்கோர் எவ்வளவு ஏறுச்சு? மழுப்பாம சொல்லுங்க அண்ணே.
(குழித்துறை வாசகர்)

இறங்குச்சு தம்பி. பழசுல சராசரியா 548 போட்டுக்கிட்டு இருந்தேன், புதுசைக் கையில எடுத்த முதல் ஞாயித்துக்கிழமை 529. பக்கத்து லேன்ல நின்ன காலேஜ் பையன் என் பேப்பரைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம தண்ணி குடிச்சான், அதுக்கு அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

விளையாட்டே தெரியாதவங்களுக்கு ஒரு வரி. 10 மீட்டர் ஏர் பிஸ்டல்னா ஒத்தைக் கையில, எதுலயும் சாயாம, மணிக்கட்டுக்கு எந்த முட்டும் இல்லாம நின்னு 10 மீட்டர் தள்ளி இருக்கற பேப்பர் டார்கெட்டுல 60 குண்டு சுடறது. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10, ஆக மொத்தம் 600. நடு வளையம், அதாவது பத்து, 11.5 மில்லி மீட்டர். சட்டை பட்டன் சைஸ்தான். அதுக்கு வெளியில ஒவ்வொரு வளையமும் 8 மில்லி மீட்டர் அகலம்.

இப்ப ஏன் இறங்குச்சுன்னு கேட்டா, பிஸ்டல் மேல ஒரு குத்தமும் இல்ல. பழைய கிரிப்புக்கு, அதான் மரக் கைப்பிடிக்கு, என் கை பத்து வருஷமாப் பழகிப்போய் இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு கையைத் தூக்கினா ஃப்ரன்ட் சைட், அதான் குறி பாக்க குழல் முனையில நிக்கற கட்டை, தானா ரியர் சைட் வெட்டுக்கு, அதான் பின்னால கண்ணுப் பக்கம் இருக்கற பள்ளத்துக்கு, நடுவுல வந்து உக்காரும். புதுசுல கிரிப்போட சரிவு வேற, கண்ணை மூடித் தூக்கிட்டுத் திறந்தா ஃப்ரன்ட் சைட் மேல எட்டிப் பாக்குது, அதை நான் மணிக்கட்டை மடக்கி கீழ இறக்கறேன், இருபதாவது குண்டுக்கு மேல மணிக்கட்டு களைச்சுப் போய் அதுபாட்டுக்கு பழைய இடத்துக்குப் போகுது. இதுதான் நடந்தது, ஆனா எனக்கே இது புரிய ரெண்டு வாரம் ஆச்சு, அது வரைக்கும் ரியர் சைட் திருகைத் திருகிக்கிட்டே இருந்தேன், இந்தப் பக்கம் ரெண்டு கிளிக் அந்தப் பக்கம் மூணு கிளிக்குன்னு.

ஒரு கணக்கு சொல்றேன், இதை மனசுல வெச்சுக்கிட்டா பாதி கோச்சிங் முடிஞ்ச மாதிரி. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 32 சென்டி மீட்டர்னு வெச்சுக்கோங்க. உங்க கை முழுசா, ரெண்டு சைட்டும் ஒண்ணா, ஒரு மில்லி மீட்டர் நகர்ந்தா பேப்பர்லயும் ஒரு மில்லி மீட்டர்தான் நகரும், அதனால ஒண்ணும் கெட்டுப் போகாது. ஆனா ஃப்ரன்ட் சைட் மட்டும், ரியர் சைட் வெட்டுக்குள்ள, ஒரே ஒரு மில்லி மீட்டர் விலகினா பேப்பர்ல 31 மில்லி மீட்டர் தள்ளிப் போகும். பத்து ஏழாயிரும். கை ஆடறதுக்கு யாரும் பயப்பட வேண்டாம், ஒலிம்பிக் ஆளுக்கும் ஆடும். சைட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கா, அதுதான் பாக்கணும். அதனாலதான் கண்ணு ஃப்ரன்ட் சைட் மேலயே இருக்கணும், டார்கெட்டு மங்கலாத் தெரிஞ்சாப் போதும்னு சொல்றது. டார்கெட் பளிச்னு தெரியுதுன்னா நீங்க ஏமாந்துட்டீங்கன்னு அர்த்தம்.

அப்புறம் ட்ரிகர். ரூல் படி ஏர் பிஸ்டல் ட்ரிகரை இழுக்கற பாரம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது, மேட்ச்ல எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பாப்பாங்க. பழசுல அந்த 500 கிராம் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே வந்து எப்பவோ விடும், நானும் அதோட சேந்து தூங்கிட்டே சுட்டுக்கிட்டு இருந்தேன். புதுசுல முதல் ஸ்டேஜ் சும்மா போகுது, ஒரு இடத்துல செவுத்துல இடிச்ச மாதிரி நிக்குது, அதுக்கு மேல முடி அளவு அழுத்தினா கண்ணாடிக் குச்சி ஒடிஞ்ச மாதிரி விடுது. அந்தச் செவுரு வந்ததுமே எனக்கு அவசரம், பத்து தெரியுது பத்து தெரியுதுன்னு விரல் சவுட்டிருது. இடது பக்கம் கீழ ஏழு, ஏழு, ஆறு. வலது கைக்காரங்க பேப்பர்ல குண்டெல்லாம் இடது பக்கம் கீழ கூடி நின்னா சைட்டைத் தொடாதீங்க, விரலைப் பாருங்க.

திருவனந்தபுரத்துல எங்களுக்குச் சொல்லித் தர்ற மலையாளி கோச்சு ஒரு வார்த்தைதான் சொல்வாரு, "பதுக்கெ சாரே, பதுக்கெ". எங்க பாட்டி கஞ்சிப் பானை இறக்கும்போது "பைய, பைய"ம்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான். இருபது வருஷம் கேட்டும் என் விரலுக்கு இன்னும் ஏறல.

கிரிப்புக்கு என்ன பண்ணேன்னா, உள்ளங்கையில் சாக்பீஸ் பொடி தடவிப் புடிச்சுப் பாத்து, அழுத்தற இடத்தை உப்புத்தாளால தேச்சு, இடைவெளி இருக்கற இடத்துல மர புட்டி அப்பி, காய விட்டு, திரும்பத் தேச்சு, ஆறு வாரம் போச்சு. ரெண்டு லட்சத்தை ஒட்டிக் கொடுத்து வாங்கின சாமானை உப்புத்தாள் போடறதைப் பாத்த வீட்டுக்காரி முகத்தை நான் விவரிக்க மாட்டேன். இப்ப 551 நிக்குது. ஆறு வாரத்துக்கும் அந்தப் பணத்துக்கும் மூணு பாயிண்ட். போதுமா தம்பி?

கேள்வி: வயசு அம்பது. ரப்பர் வெட்டுதான் தொழில். கை ஆடாதுன்னு கூட்டுக்காரங்க சொல்லுவாங்க. இனிமே போய் பிஸ்டல் பழகலாமா, சிரிக்க மாட்டாங்களா?
(திருவட்டாறு)

நான் பொறாமைப்படறேன் அண்ணாச்சி. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு, பட்டையில தாள் மாதிரி சீவி எடுத்து, கத்தி ஒரு துளி ஆழம் கூடினா மரம் புண்ணாயிரும்னு தெரிஞ்சே முன்னூறு மரம் வெட்டற கை அது. அழுத்தம் கூடாம குறையாம ஒரே சீரா இழுக்கறதுதான் ட்ரிகருக்கும் வேணும். எங்களை மாதிரி நாற்காலியில உக்காந்து வேலை பாக்கறவன் அதைக் கத்துக்கத்தான் வருஷக்கணக்காகுது.

வயசைப் பத்திப் பேச்சே வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச், 51 வயசு, கலப்பு அணி ஏர் பிஸ்டல்ல வெள்ளி. சாதாக் கண்ணாடி, டீ ஷர்ட், இடது கை பாக்கெட்டுக்குள்ள, டீக்கடை வாசல்ல நிக்கற மாதிரி நின்னுக்கிட்டு சுட்டாருன்னு அந்தப் படம் உலகம் பூரா சுத்துச்சு. ஒரு உபகரணமும் இல்லாம ஜெயிச்சாருன்னு வாட்ஸப்ல கதை கட்டினாங்க, அது தப்பு. கையில இருந்தது முழு மேட்ச் பிஸ்டல். பாக்கெட்ல கை விடறதும் ஸ்டைல் இல்ல, எல்லா பிஸ்டல்காரனும் சும்மா இருக்கற கையை பாக்கெட்லயோ பெல்ட்லயோ சொருகித்தான் வைப்பான், அது தொங்கி ஆடினா தோளு ஆடும்.

அம்பதுல வர்ற தொந்தரவு கண்ணுதான். ஃப்ரன்ட் சைட் ஒரு கை தூரத்துல இருக்கு, படிக்கற கண்ணாடிக்கு அது தூரம், தூரக் கண்ணாடிக்கு அது கிட்ட. கண் டாக்டர்கிட்ட போய் "கையை நீட்டினா விரல் நுனிக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் இருக்கற சாமான் தெளிவாத் தெரியணும்"னு சொல்லி ஒத்தைப் பவர்ல ஒரு கண்ணாடி போட்டுக்கோங்க. ரெண்டு பவர் உள்ளது வேண்டவே வேண்டாம், தலையைத் தூக்கித் தாழ்த்தியே கழுத்து போயிரும். இன்னொரு கண்ணை இறுக்கி மூடாதீங்க, கண்ணாடியில ஒரு சின்ன அட்டைத் துண்டை ஒட்டி மறைச்சுக்கோங்க, 30 மில்லி மீட்டர் அகலத்துக்கு மேல போகாம.

கேள்வி: ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேணுமா? செக்போஸ்ட் தாண்டி கேரளாவுக்குக் கொண்டு போனா போலீஸ் புடிக்குமா?
(பேர் போட வேண்டாம், களியக்காவிளை)

குழல் 4.5 மில்லி மீட்டருக்குள்ள, சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா 2016 ஆயுத விதிகள் படி லைசென்ஸ் தேவையில்ல. மேட்ச் பிஸ்டல் அதுக்குப் பக்கத்துலயே வராது. அரை கிராம் குண்டு, செகண்டுக்கு 150 மீட்டர் வேகம், பெருக்கிப் பாருங்க, ஆறு ஜூல் கூட வராது. கடையில அடையாள அட்டை ஜெராக்ஸ் கேப்பாங்க, கொடுங்க, பில்லை வாங்குங்க, அந்தப் பில்லை லேமினேட் பண்ணி பெட்டிக்குள்ளேயே வைங்க. 25 மீட்டர்ல சுடற .22 பிஸ்டல் முழுக்க வேற ஜாதி, அது நிஜத் தோட்டா, 1959 ஆயுதச் சட்டம், கலெக்டர் ஆபீஸ், லைசென்ஸ் எல்லாம் உண்டு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அதே மாதிரி வெளிநாட்டு சைட்ல நேரா ஆர்டர் போட்டு கூரியர்ல வரவழைக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கஸ்டம்ஸ்லயே நின்னுரும். டீலர் மூலமா வாங்குங்க.

புடிக்குமான்னு கேட்டா, சட்டத்துக்கும் ராத்திரி எட்டு மணி செக்போஸ்டுக்கும் கொஞ்சம் தூரம் இருக்கு. ஒரு தடவை வட்டியூர்க்காவு ரேஞ்சுல, அதான் 2015 தேசிய விளையாட்டுக்குக் கட்டினது, அங்க ஒரு மேட்ச் முடிச்சுட்டு பஸ்ல திரும்பறேன். போலீஸ் ஏறி மூட்டையெல்லாம் தட்டிப் பாத்துக்கிட்டு வர்றாங்க, அவங்க தேடறது ரேஷன் அரிசி. என் மடியில கறுப்புப் பெட்டி. "எந்தா இது?" திறந்தேன். ரெண்டு சீட் தள்ளி உக்காந்திருந்த அம்மா "ஐயோ கர்த்தாவே"ன்னாங்க. நான் கையைப் பெட்டிகிட்டயே கொண்டு போகல, "சார், குழலுக்குள்ள ஆரஞ்சு கலர் கயிறு போகுது பாருங்க, உள்ள ஒண்ணும் இல்லன்னு காட்டறதுக்குத்தான் அது, பில்லு மூடியில இருக்கு, கிளப் கார்டு சட்டைப் பாக்கெட்ல இருக்கு, எடுக்கட்டுமா"ன்னு கேட்டேன். அவரு பில்லைப் படிச்சாரு, விலையைப் பாத்தாரு, "இத்தரயோ!"ன்னாரு, விட்டுட்டாரு.

அதனால, பூட்டற பெட்டி, குழல்ல சேஃப்டி கயிறு, குண்டைத் தள்ளற காத்து அடைச்ச சிலிண்டரைக் கழட்டி வெச்சிருக்கணும், பில், கார்டு. இடுப்புல சொருகிக்கிட்டு பைக்ல போற ஆசை யாருக்காவது இருந்தா இந்தப் பக்கத்தை இதோட மூடிருங்க.

கேள்வி: வாழைத் தோட்டத்துல காட்டுப் பன்றி, குரங்கு தாங்கல. நீங்க வாங்கின பிஸ்டலால விரட்ட முடியுமா?
(ஆரியங்காவுக்குப் பக்கத்துல)

முடியாது, செய்யவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறு ஜூல் குண்டு பேப்பர்ல ஓட்டை போடத்தான், பன்றித் தோலுக்கு அது கொசுக்கடி, குரங்கு கண்ணுல பட்டா ஆயுசுக்கும் குருடு. வாழை போன வருத்தம் எனக்குப் புரியுது, எங்க அண்ணன் தோட்டத்துலயும் போன கர்க்கடகத்துல ஒரு வரிசை அப்படியே படுத்துருச்சு. வனத்துறை ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க.

கேள்வி: நான் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கேன். ஏர் பிஸ்டல் சிலிண்டருக்கு 200 பார் வேணும்ங்கறாங்க. என்கிட்ட ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு, அதுலேர்ந்து நிரப்பிக்கலாமா?
(பாறசாலை)

வேண்டாம் வேண்டாம் வேண்டாம். அழுத்தத்துல இருக்கற ஆக்சிஜன் எண்ணெய், கிரீஸ் மேல பட்டா தானாப் பத்தி வெடிக்கும், பிஸ்டல் உள்ள சீலுக்குக் கிரீஸ் போட்டிருக்கும். அது நடக்கறது உங்க மூக்குக்கு ஒரு முழத்துல. பட்டறைக்காரர், இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், ஆசையில மறந்துட்டீங்க.

காத்து மட்டும்தான், அதுவும் காஞ்ச காத்து. கடலுக்குள்ள டைவிங் போறவங்க முதுகுல கட்டற சிலிண்டர்லேர்ந்து நிரப்பறது நல்ல வழி, கிளப்புல அதுதான் வெச்சிருப்பாங்க. கைப் பம்பும் உண்டு, ஆனா கார் டயர்ல ரெண்டு பார் சொச்சம், இது அதுக்கு நூறு மடங்கு, அடிச்சு முடிக்கும்போது கை நடுங்கும், அந்தக் கையோட அன்னைக்கு சுட முடியாது. நம்ம ஊரு எடவப்பாதி மழையில அந்தப் பம்ப் இழுக்கறது பாதி தண்ணிதான், வடிகட்டி இல்லாத பம்புல அடிச்சா உள்ள துரு.

கேள்வி: மகள் பிளஸ் ஒன். ஸ்கூல் போட்டியில மெடல் வாங்கினா. இப்ப மனு பாக்கர் மாதிரி வெளிநாட்டு பிஸ்டல் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. நகையை வெச்சு வாங்கிக் கொடுக்கலாமா சார்?
(ஒரு அம்மா, மார்த்தாண்டம்)

நகையை எடுத்து உள்ள வைங்கம்மா, இந்த வருஷம் வேண்டாம்.

மகளை வையாதீங்க, ஆசைப்படறதுல தப்பில்ல. 2024ல பாரிஸ்ல மனு பாக்கர் ஏர் பிஸ்டல் ஃபைனல்ல 221.7 போட்டு வெண்கலம் வாங்கினதும், ரெண்டு நாள் கழிச்சு சரப்ஜோத் சிங்கோட சேந்து இன்னொண்ணு வாங்கினதும் பாத்து எத்தனையோ பிள்ளைங்க ரேஞ்சுக்கு வந்துச்சு. ஆனா அதே மனு பாக்கரோட டோக்கியோ கதையையும் மகளுக்குச் சொல்லுங்க. 2021ல தகுதிச் சுற்று நடுவுலேயே பிஸ்டல் ரிப்பேர். ஓடிப் போய் சரி பண்ணிக்கிட்டு வர்றதுக்குள்ள நேரம் போச்சு, மிச்ச குண்டையெல்லாம் அவசர அவசரமா சுட்டு 575, பன்னிரண்டாம் இடம், ஃபைனல் இல்ல. அவங்க கையில இருந்ததும் உலகத்துலயே நல்ல பிஸ்டல்கள்ல ஒண்ணுதான்.

ஆஸ்திரியாவோட ஸ்டெயர், சுவிஸ்காரன் மோரினி, இத்தாலி பார்தினி, ஜெர்மன்ல வால்தரும் ஃபைன்வெர்க்பாவும், இதுல எதைக் கையில கொடுத்தாலும் ஸ்டாண்டுல கட்டி வெச்சு சுட்டா குண்டு மேல குண்டு ஒரே ஓட்டையில போகும். அதனால எது பெஸ்ட்டுன்னு சண்டை போடறதுல அர்த்தமே இல்ல, மகள் கைக்கு எந்தக் கிரிப் உக்காருதோ அது. பிள்ளைக்கு பதினாறு வயசு, கை இன்னும் வளரும், இன்னைக்கு எஸ் சைஸ் கிரிப் வாங்கினா ரெண்டு வருஷத்துல மாத்தணும்.

இப்போதைக்கு கிளப் பிஸ்டல்ல சுடட்டும். உங்க பணத்தை பெல்லட்டுல போடுங்க. ஒரு டப்பா 500 குண்டு, நாளைக்கு 60 சுட்டா எட்டு நாள்ல தீரும், வாங்கிக் கொடுத்துப் பாருங்க அப்பத் தெரியும் செலவு எங்க இருக்குன்னு. தட்டைத் தலை குண்டாப் பாத்து வாங்குங்க, பேப்பர்ல பஞ்சிங் மிஷின் போட்ட மாதிரி வட்டமா வெட்டும், மார்க் பாக்க சுலபம். வீட்டுல ஒரு லிட்டர் பாட்டில்ல வெள்ளம் நிரப்பி கையை நீட்டித் தூக்கச் சொல்லுங்க, பிஸ்டலும் ஏறக்குறைய அதே எடைதான், ஒரு மேட்ச்ல தூக்கி இறக்கறது நூறு தடவைக்கு மேல வரும். சுட்டு முடிச்சதும் சோப்புப் போட்டு கை கழுவாம பலகாரத்தைத் தொட விடாதீங்க, குண்டு ஈயம்.

ஒரு வருஷம் கழிச்சு கிளப்புலயே ஆறு மேட்ச் தொடர்ந்து ஒரே மாதிரி ஸ்கோர் வந்தா அப்ப வாங்கலாம், அதுவும் பழசு கிடைச்சா பழசே. ஆனா பழசு வாங்கும்போது சிலிண்டர்ல அடிச்சிருக்கற தேதியைப் படிங்க. பத்து வருஷம்தான் அதுக்கு ஆயுசு, ரூலே அப்படித்தான். நான் என் பழைய பிஸ்டலை வாங்கினப்ப கடைக்காரர் புத்தம் புதுசுன்னு கொடுத்தாரு, பிஸ்டல் புதுசுதான், கூட வந்த சிலிண்டர் ரெண்டு வருஷம் முன்னாடியே தேதி அடிச்சு அலமாரியில கிடந்தது. எட்டாவது வருஷம் ஒரு மேட்ச்ல சாமான் செக் பண்ற மேஜையில அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் படிச்சுட்டு அதைத் தனியா எடுத்து வெச்சாங்க. 180 கிலோ மீட்டர் பஸ்ல போனவன் கேலரியில உக்காந்து கடலை தின்னுட்டு வந்தேன். தப்பு கடைக்காரருதுன்னு ரெண்டு வருஷம் திட்டினேன், எட்டு வருஷம் அதை தினம் கையால தொட்டவன் நான்தான்.

கேள்வி: வலது கையில கோயில் ரட்சைக் கயிறு கட்டியிருக்கேன். மேட்ச்ல கழட்டச் சொல்வாங்களா?
(நெய்யாற்றின்கரை)

சுடற கையில வாட்ச், வளையல், பட்டை, அது மாதிரி எதுவும் கூடாதுன்னு ரூல். அதிகாரியோட வாக்குவாதம் பண்ணி மனசைக் கெடுத்துக்காம போன தடவை பூசாரிகிட்டயே கேட்டு இடது கைக்கு மாத்திக் கட்டிக்கிட்டேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல.

கேள்வி: இங்க ரேஞ்சே கிடையாது. வீட்டுலயே பழக வழி இருக்கா?
(செங்கோட்டை)

இருக்கு, அதுவும் குண்டே இல்லாம. முதல்ல அதைச் சொல்லிடறேன். வெள்ளைச் செவுத்தைப் பாத்து நில்லுங்க. டார்கெட் எதுவும் ஒட்டாதீங்க. பிஸ்டலை டிரை மோட்ல, அதாவது குண்டு போகாம ட்ரிகர் மட்டும் வேலை செய்யற மாதிரி போட்டு, கையைத் தூக்கி, சைட்டை மட்டும் பாத்து, ட்ரிகரை பைய இழுங்க. டக்குன்னு சத்தம் வர்ற அந்த நொடியில ஃப்ரன்ட் சைட் துள்ளுச்சா இல்லையான்னு பாருங்க. வெறும் செவுத்துல பத்து எங்க இருக்குன்னே தெரியாததால விரலுக்கு அவசரம் வராது. எட்டு பத்து செகண்டுக்குள்ள விடலைன்னா இறக்கிருங்க, இழுத்துப் பிடிச்சு விட்ட குண்டு நல்ல குண்டா போனதை நான் பாத்ததே இல்ல. விட்டதுக்கு அப்புறமும் ரெண்டு செகண்ட் அப்படியே சைட்டைப் பாத்துக்கிட்டு நில்லுங்க. தினம் இருபது நிமிஷம். நான் 529லேர்ந்து மேல வந்தது இதாலதான்.

நிஜமா சுடணும்னா 10 மீட்டர் நீளம் வேணும், பழைய வீடுகள்ல முன் திண்ணையிலேர்ந்து அடுக்களை வாசல் வரைக்கும் நேர்கோடு கிடைக்கும், நல்லது, ஆனா நடுவுல கதவு இருந்தா எல்லாத்தையும் தாழ் போட்டுட்டு சுடுங்க, குழந்தை ஓடி வர்றதுக்கு ஒரு செகண்ட் போதும். டார்கெட்டோட நடு தரையிலேர்ந்து 1.40 மீட்டர். பின்னால இரும்புப் பெட்டிக்குள்ள பழைய சாக்கு, துணி திணிச்சு வைங்க, வெறும் செவுரு, வெறும் இரும்புத் தகடு வேண்டாம், குண்டு திரும்பி வரும். கண்ணாடி போடாம சுடாதீங்க. மொட்டை மாடியில தென்னையைப் பாத்து சுடறது பயிற்சி இல்ல, பக்கத்து வீட்டுக்காரரோட கேஸ்.

மழைக்காலத்துல பெட்டியோட ஸ்பாஞ்சுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு மறந்துறாதீங்க, ஸ்பாஞ்சு ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். தொடச்சு, சிலிக்கா பை ரெண்டு போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை திறந்து காத்தாட விடுங்க.

கேள்வி: பழைய பிஸ்டலை எவ்வளவுக்குக் கொடுத்தீங்க? எனக்குக் கேட்டிருக்கலாமே.
(குலசேகரம்)

விலைக்குக் கொடுக்கல. கிளப்புல தென்னை ஏறற ஒருத்தரோட மகன் பழகறான், கிளப் பிஸ்டல் கிரிப் அவன் கைக்கு ரொம்பச் சின்னது, அவனுக்குக் கொடுத்தேன், புது சிலிண்டர் மட்டும் நீயே வாங்கிக்கணும், பழசைக் கையால தொடாதேன்னு சொல்லி. போன ஞாயித்துக்கிழமை பாக்கறேன், ரேஞ்சு வாசப்படியில உக்காந்து, பத்து வருஷமா நான் என் உள்ளங்கைக்குன்னு அப்பி அப்பித் தேச்சு வெச்சிருந்த புட்டியையெல்லாம் சின்ன உளியால சுரண்டித் தள்ளிக்கிட்டு இருக்கான். என்னைப் பாத்ததும் நிறுத்திட்டான். "நீ சுரண்டு மக்கா, கட்டைவிரல் பக்கம் மட்டும் பாத்து, அங்க மரம் மெலிசு"ன்னு சொல்லிட்டு உள்ள போனேன்.